எதிர்வீட்டுக்கும் வந்த துண்டுப்பிரசுரம்

மேற்கு லண்டனின் புறநகர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் வவுனியாவிலிருந்து வந்தவர். கணவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்து 5 வருடம் முடிந்துவிட்டது. குடும்பமாக நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். 16 வயதில் ஒரு மகன். வாசகி சனிக்கிழமைகளில் வாடகை மண்டபமொன்றில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். ஒரு ஞாயிறு காலை அவர் வீட்டு லெட்டர்பொக்ஸுக்குள் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. தமிழர், இலங்கையர் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. கள்ளக்கூட்டம், நோய் பரப்புகிறவர்கள் என்று திட்டிவிட்டு, கண்ணாடிகள் நொறுங்கினால்தான் இவர்களுக்குப் புரியும் என்ற கருத்தில் ஒரு வரி. முடிவில், அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி மண்டபத்தின் முன்னால் கூடும்படி அழைப்பு. அன்று பின்னேரமே அந்தப் பகுதியின் முகநூல் குழுவில் ஒருவர் அதே காகிதத்தைப் படமெடுத்துப் போட்டு, யாராவது உண்மையைச் சொன்னார்களே என்று மகிழ்ந்திருக்கிறார்.

வாசகி, அவசரமில்லாத விஷயங்களுக்கான பொலிஸ் எண்ணான 101க்கு அழைத்தார். இது கருத்துச் சுதந்திரம், யாருக்கும் காயமில்லைதானே என்று சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். தெரிந்த ஒருவர் 1500 பவுண்டு தந்தால் தானே வழக்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். தம்பி, முகநூலில் படம் போட்டவரின் முகத்தையும் வேலை செய்யும் இடத்தையும் எல்லோருக்கும் தெரியப்படுத்தலாம் என்கிறார். கணவர், “விசா முடிவு வருகிற நேரத்தில் பொலிஸ் வேண்டாம்” என்கிறார். மகன் அதே முகநூல் குழுவில் வெள்ளைக்காரர்களைப் பற்றி மிக மோசமாக எழுதி, அம்மா கண்டதும் அழித்திருக்கிறான். “அவன் சின்னப்பிள்ளை, கோபத்தில் எழுதியது, அதை விடுங்கள்” என்கிறார் வாசகி. இலங்கையில் இனவெறுப்புப் பேச்சுக்குப் பிணையே கிடைக்காத சட்டம் இருக்கும்போது இங்கே ஏன் இந்த அலட்சியம் என்பது அவருடைய முக்கியமான கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் நாட்டில் வளர்ந்த எவருக்கும் பெயர் குறித்து, இடம் குறித்து, நாள் குறித்து வரும் இப்படியான காகிதம் வெறும் காகிதம் இல்லை. 1983ஐ நேரில் காணாதவர்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அதனால் நீங்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் பொலிஸை அழைத்தது முற்றிலும் சரி.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். எதிர்வீட்டு ஆங்கிலேய அம்மாவுக்கும் இதே காகிதம் வந்ததாம். அதை எடுத்துக்கொண்டு வந்து உங்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாராம். “பாவம், வயதானவர், அவரை இதற்குள் இழுக்க மனமில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முழுக் கடிதத்தையும் திரும்பப் படித்தது அந்த இடத்துக்காகத்தான். இந்த முறைப்பாட்டில் உங்களைவிட முக்கியமான சாட்சி அந்த அம்மா. ஏன் என்று விளங்கப்படுத்துகிறேன்.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்குரியது 1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், அதன் மூன்றாம் பகுதி. (ஸ்கொட்லாந்தில் 2024 ஏப்ரல் 1 முதல் வேறு சட்டம்.) எழுத்தை வெளியிடுவதும் விநியோகிப்பதும் 19ஆம் பிரிவில் வருகிறது. எழுதியது மிரட்டுவதாகவோ தூற்றுவதாகவோ அவமதிப்பதாகவோ இருக்க வேண்டும். அதோடு, இனவெறுப்பைக் கிளறும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். அல்லது, சூழ்நிலை முழுவதையும் பார்க்கும்போது இனவெறுப்புக் கிளறப்படக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். அதிகபட்சத் தண்டனை 7 வருடச் சிறை. இனம் என்று சட்டம் சொல்வதில் நிறம், நாட்டுரிமை, இனவழித் தோற்றம் எல்லாம் அடங்கும். ‘தமிழர்’ இதில் அடங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அடங்கும். ‘இலங்கையர்’ என்று எழுதியதும் அடங்கும். சைவர்களை மட்டும் குறிவைத்திருந்தால் அது மதவெறுப்புப் பகுதிக்குப் போயிருக்கும். அங்கே மிரட்டல் இருந்தே ஆகவேண்டும், நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும், ஆகவே வழக்கு இன்னும் கடினம். உங்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது ‘கிளறுதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் மனம் பட்ட பாடு இருக்கிறது. நித்திரையில்லை, பிள்ளையைத் தனியே கடைக்கு அனுப்பப் பயம். இவை உண்மை, தண்டனை தீர்மானிக்கும் நேரத்தில் இவற்றுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் 19ஆம் பிரிவு உங்களுடைய மனதை அளப்பதில்லை. அந்தக் காகிதம் மற்றவர்களின் மனதில் உங்கள்மேல் வெறுப்பை மூட்டப் பார்த்ததா என்பதுதான் கேள்வி. தமிழர் வீடுகளில் மட்டும் அதைப் போட்டிருந்தால், தமிழரைப் படிக்கவைத்துத் தமிழர்மேல் வெறுப்பை மூட்டுவது எப்படி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அது மிரட்டல், வேறு குற்றம் என்று வழக்குத் திசைமாறும். ஆங்கிலேயர் ஒருவரின் வீட்டிலும் அதே காகிதம் விழுந்தது என்றால் அந்த வாதத்துக்கு இடமில்லை. அந்த அம்மா வெறுப்படையவில்லை, அழுதார் என்கிறீர்கள். பரவாயில்லை. யாராவது உண்மையிலேயே வெறுப்படைந்தார்கள் என்று காட்டத் தேவையில்லை. அது யார் யார் கையில் போய்ச் சேரும்படி போடப்பட்டது என்பதற்குத்தான் அவருடைய சாட்சி.

இன்னொரு காரணமும் உண்டு. ‘விநியோகம்’ என்றால் பொதுமக்களுக்கு, அல்லது பொதுமக்களில் ஒரு பகுதியினருக்குப் போயிருக்க வேண்டும். இந்தக் குற்றம் சட்டத்துக்கு வந்த புதிதில், 1967இல், ஒரு வழக்கு நடந்தது. 17 வயது இளைஞன் ஒருவன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசலில் இனவெறுப்புப் பிரசுரங்களை விட்டுச் சென்றான். தீர்ப்பு மேன்முறையீட்டில் ரத்தானது. ஒரு வீட்டில் வசிக்கும் குடும்பத்தார் மட்டும் ‘பொதுமக்களில் ஒரு பகுதி’ ஆகமாட்டார்கள் என்றது நீதிமன்றம். ஆகவே, பொலிஸின் பார்வையில் உங்கள் ஒரு வீட்டுக் காகிதம் ஒரு வீட்டுக் காகிதம்தான். தெருவில் எத்தனை வீடு, எந்தெந்த வீடு, காருக்கு மேலும் வைத்தார்களா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் விநியோகம். முகநூலில் போட்டதைப் பொறுத்தவரை இந்தக் கவலை இல்லை. பகுதிவாசிகள் எல்லோரும் பார்க்கும் குழுவில் போட்டாலே வெளியீடு ஆகிவிடும். அந்த மனிதர் காகிதத்தைத் தான் அச்சடிக்கவில்லை என்று சொன்னாலும், மகிழ்ந்து பரப்பியதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு காகிதத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று உங்கள் கணவர் கேட்கிறாரல்லவா? 2004இல் பிளக்பூல் நகரத்து யூத ஆலயம் ஒன்றின் கதவால் யாரோ ஒரு வெறுப்புப் பிரசுரத்தைத் தள்ளிவிட்டுப் போனார்கள். ஆலயத்தார் அதைக் குப்பையில் போடாமல் பொலிஸில் கொடுத்தார்கள். அதிலிருந்த முகவரி ஹல் நகரத்தின் ஒரு தபால் பெட்டிக்கு வழிகாட்டியது. அங்கிருந்து ஓர் இணையத்தளம் அகப்பட்டது. அந்தத் தளத்தின் சேர்வர் கலிபோர்னியாவில் இருந்ததால் இங்கிலாந்துச் சட்டம் செல்லாது என்று வாதாடினார்கள். எடுபடவில்லை. இருவர் வழக்கின் நடுவே அமெரிக்காவுக்கு ஓடி அங்கே அரசியல் தஞ்சம் கேட்டார்கள், அதுவும் கிடைக்கவில்லை. 2009இல் ஒருவருக்கு 4 வருடம் 10 மாதம், மற்றவருக்கு 2 வருடம் 4 மாதம் சிறை. 2010இல் மேன்முறையீட்டில் தண்டனைக் காலம் கொஞ்சம் குறைந்தது, குற்றத் தீர்ப்பு நிலைத்தது. ஐந்து வருடம் எடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த வழக்குகள் மெதுவாகத்தான் நகரும்.

தொலைபேசியில் பேசிய அலுவலர் ‘கருத்துச் சுதந்திரம்’ என்றதில் பாதி உண்மை இருக்கிறது. குடிவரவைக் குறைக்க வேண்டும், வெளிநாட்டவர் அதிகமாகிவிட்டார்கள், தங்கள் பகுதியின் முகமே மாறிவிட்டது என்று யாரும் எழுதலாம். நமக்கு வலிக்கும், ஆனால் குற்றமில்லை. அந்தச் சுதந்திரத்தை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் காகிதம் அந்த எல்லையில் நிற்கவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தையே நோய் என்கிறது, கண்ணாடி நொறுங்குவதைப் பேசுகிறது, பிள்ளைகள் வரும் இடத்தையும் நாளையும் குறிக்கிறது. மறுபடி பேசும்போது ‘எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள்’ என்று தொடங்காமல் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள்.

சட்டமா அதிபரின் அனுமதி

மூன்றாம் பகுதிக் குற்றங்களுக்கு யாராக இருந்தாலும், அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் சம்மதமின்றி வழக்குத் தொடர முடியாது. அதனால் 1500 பவுண்டு கேட்டவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தனியார் வழக்காகப் போட்டாலும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். பொலிஸில் முறைப்பாடு செய்வதற்கு வழக்கறிஞரே தேவையில்லை, செலவும் இல்லை.

இந்த அனுமதி வழக்குத் தொடுப்பதற்குத்தான். விசாரிப்பதற்கோ கைது செய்வதற்கோ தேடுதல் ஆணை பெறுவதற்கோ பொலிஸுக்கு அது தேவையில்லை. பரப்பும் எண்ணத்தோடு கட்டுக்கட்டாக வீட்டில் வைத்திருப்பதும் 23ஆம் பிரிவின்படி குற்றம். ‘அனுமதி கிடைக்காது, அதனால் விசாரிக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் அது தலைகீழான வரிசை. முதலில் விசாரணை, பிறகு சிபிஎஸ் எனப்படும் அரச வழக்குத்தொடுநர் சேவையின் பார்வை, அதற்குப் பிறகுதான் சட்டமா அதிபர்.

நீங்கள் ஒப்பிட்ட இலங்கைச் சட்டத்துக்கு வருகிறேன். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு இனவெறுப்பைத் தூண்டுவதைத் தடைசெய்கிறது. மேல் நீதிமன்றம்தான் பிணை கொடுக்க முடியும். கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் 2019இல் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரை, கதை எழுதியதற்காக, மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். சிறுபான்மையினரைக் காக்க என்று வந்த சட்டம், அதிகாரத்தில் இருப்பவர்களின் கைக்கு வசதியாகிப்போனது. இங்கே ஒரு கதவு கூடுதலாக இருப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் சில வழக்குகளில் இருந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கதவு இருக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நாளைக்கு ஒரு தமிழ்ப் பேச்சாளர்மேல் யாரோ ஒருவர் சும்மா வழக்குப் போட வந்தால் அவரைத் தடுக்கப்போவதும் அதே கதவுதான்.

அப்புறம், இந்தப் பெரிய குற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் வீட்டுக்குள் போட்ட காகிதம் 1988ஆம் ஆண்டின் தீய நோக்குத் தகவல் சட்டத்தின் கீழும் வரலாம். அதற்குச் சட்டமா அதிபர் தேவையில்லை. ஒரே ஆள் இரண்டாவது முறையும் செய்தால் தொல்லைப்படுத்தல் சட்டம் பேசலாம். பள்ளி வாசலில் நேருக்கு நேர் கத்தினால் பொது ஒழுங்குச் சட்டத்தின் 4, 4ஏ, 5ஆம் பிரிவுகள் இருக்கின்றன. இனப்பகை காரணமாகச் செய்தது என்று நிரூபித்தால் 4, 4ஏ பிரிவுகளுக்கான தண்டனை 6 மாதத்திலிருந்து 2 வருடம்வரை உயரும். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் மட்டும் விசாரிக்கப்படும் சிறு குற்றங்களுக்குப் பொதுவாக 6 மாதத்துக்குள் வழக்குத் தொடங்கியாக வேண்டும். பெரிய குற்றத்துக்கான ஆராய்ச்சியில் நாள் போய்க்கொண்டிருக்கையில் சிறியதும் கைநழுவும். இதைப் பொலிஸிடம் எழுத்தில் நினைவூட்டுங்கள்.

பொலிஸிடம் மறுபடி போகும்போது

உங்களுக்குக் கொடுத்த எண்ணைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சிஏடி எண், அதாவது உங்கள் அழைப்பைப் பதிந்த எண். குற்றம் பதிவானதற்கான எண் வேறு. ‘முறைப்பாடு எடுத்துவிட்டார்கள்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நடக்கவில்லை. கிரைம் ரெஃபரன்ஸ் எண் வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இனவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் பற்றி 1999இல் வெளிவந்த விசாரணை அறிக்கைக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் சம்பவம் என்று உணர்ந்தால் பொலிஸ் அதை அப்படியே ஏற்க வேண்டும் என்பது நிலைபெற்ற கொள்கை. ஆனால் அது பதிவுக்கான அளவுகோல், நீதிமன்றத்துக்கானது அல்ல. பதிந்ததற்காக வழக்கு வரும் என்று நம்பிவிடவும் கூடாது.

தொலைபேசி சரிவராவிட்டால் பொலிஸின் ட்ரூ விஷன் தளத்தில் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இருந்தால் யாரும் ‘அப்படிச் சொல்லவில்லையே’ என்று பின்னால் மறுக்க முடியாது. வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். புரிந்துகொள்ளவும் புரியவைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான் பாதிக்கப்பட்டோருக்கான நடத்தைக் கோவையில் முதலாவது உரிமை. உங்கள் ஆங்கிலம் நல்லதுதான், ஆனால் ‘மிரட்டினார்’ என்பதும் ‘பயமாக இருந்தது’ என்பதும் சட்டத்தில் இரண்டு வெவ்வேறு சங்கதி. மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வாசித்துப் பார்த்து, திருத்தச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சான்றுகளைப் பற்றி: காகிதத்தை இனி யாரும் தொட வேண்டாம். சுத்தமான கடித உறைக்குள் வைத்து, எந்த நாள், எத்தனை மணி, யார் எடுத்தார் என்று உறையின்மேல் எழுதுங்கள். எதிர்வீட்டு அம்மாவின் காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். பொலிஸுக்கு அவர் தன் கையால் கொடுக்கட்டும். முகநூல் பதிவை ஸ்க்ரீன்ஷொட் எடுக்கும்போது எழுத்தை மட்டும் வெட்டியெடுக்காமல் பெயர், நாள், நேரம், குழுவின் பெயர், கீழே வந்த கொமென்ட்டுகள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதெல்லாம் வரும்படி எடுங்கள். அந்தக் கொமென்ட்டுகள்தான் வெறுப்பு எப்படிக் கிளறப்பட்டது என்பதற்குச் சான்று. அதற்குப் பிறகு முகநூலிடமும் முறையிடுங்கள். சட்டவிரோதமான பதிவுகளை அகற்றும் கடமை 2025 மார்ச் 17 முதல் இந்த நிறுவனங்களுக்கு இருக்கிறது. ஆனால் முதலில் நகல் எடுங்கள். பதிவு அகன்ற பிறகு அழுது பயனில்லை.

விசாரணை அலுவலர் ஒருவர் கிடைத்ததும் அவரிடம் கேட்க வேண்டியது: ‘19ஆம் பிரிவின்கீழ் சிபிஎஸ்ஸிடம் ஆரம்ப ஆலோசனை கேட்டீர்களா?’ இந்த வகை வழக்குகளைச் சாதாரண மாவட்ட வழக்குத்தொடுநர்கள் கையாள்வதில்லை, சிபிஎஸ்ஸில் சிறப்புப் பிரிவு ஒன்று இருக்கிறது. சில அலுவலர்கள் தங்கள் சேவைக்காலம் முழுவதிலும் இந்தக் குற்றத்தை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அவருக்கு உதவி. அதற்கும் அசையவில்லை என்றால் அந்தப் பொலிஸ் படையின் ஒழுங்குமுறைப் பிரிவுக்கு முறையிடுங்கள். அந்த முடிவும் திருப்தியில்லை என்றால் 28 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

மகன், தம்பி, கணவர்

மகன் எழுதியதை விடச் சொல்கிறீர்கள். என்னால் விட முடியாது, மன்னியுங்கள். இந்தச் சட்டம் சிறுபான்மையினருக்கு மட்டும் எழுதப்பட்டது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். வெள்ளையர்மேல் வெறுப்பைக் கிளறினாலும் அதே பிரிவு, அதே தண்டனை. 1965ஆம் ஆண்டுச் சட்டம் முதன்முதலில் இந்தக் குற்றத்தைக் கொண்டுவந்த உடனேயே, 1967இல், ரெடிங் நகரில் பேசியதற்காகக் கறுப்பின இயக்கத்தைச் சேர்ந்த மைக்கேல் எக்ஸ் என்பவருக்கு 12 மாதச் சிறை கிடைத்தது. அழித்துவிட்டான், சரி. 2024 ஜூலை 29 அன்று, சவுத்போர்ட் நகரில் சிறுமிகள்மேல் கொலைவெறித் தாக்குதல் நடந்த நாளில், ஒரு பெண் எக்ஸ் (முன்னைய ட்விட்டர்) தளத்தில் எழுதியதைச் சில மணி நேரத்தில் அழித்தார். அதற்குள் 3 லட்சம் தடவைக்குமேல் பார்க்கப்பட்டுவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டும் 31 மாதச் சிறை.

உங்கள் மகன் எழுதியது அந்த அளவுக்கு இல்லை, பார்த்தவர்களும் குறைவாக இருப்பார்கள். அவனை ஜெயிலில் போடுவார்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இங்கே குற்றப் பொறுப்பு 10 வயதிலேயே தொடங்குகிறது. பிரித்தானியக் குடியுரிமைக்கான நன்னடத்தைச் சோதனையும் 10 வயதிலிருந்தே. 16 வயது, சின்னப்பிள்ளை இல்லை. எழுதியதன் நகல் உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள், வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். பொலிஸ் அவனைப் பேச அழைத்தால் ‘சும்மா ஒரு பேச்சுத்தான்’ என்று சொன்னாலும் தனியே அனுப்ப வேண்டாம். பொலிஸ் நிலையத்து விசாரணைக்கு இலவசச் சட்டத்தரணி உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் பெற்றோர் ஒருவரோ பொறுப்பான பெரியவர் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் அவனோடு இருந்து பேசுங்கள். அம்மாவைத் திட்டிய காகிதத்தைப் பார்த்து அவனுக்கு வந்த கோபம் நியாயமானது. அதை எதிர்வீட்டு அம்மாவும் அடங்கும் ஒரு கூட்டத்தின்மேல் கொட்டினான் என்பதை அவனுக்கு நீங்கள்தான் சொல்ல முடியும்.

தம்பி சொல்வது வேண்டவே வேண்டாம். ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு உங்கள் தம்பிமேல் வரும். ஆள் சரியாக இருந்தாலும், அவர் வேலையிடத்துக்கு நாலு பேர் போய் நின்றால் தொல்லைப்படுத்தல் முறைப்பாடு அவரிடமிருந்து வரும். பிறகு பொலிஸ் இரண்டு பக்கமும் சண்டை என்று எழுதிக்கொண்டு போய்விடும். அந்த மனிதரின் விவரங்கள் அனைத்தையும் பொலிஸுக்குக் கொடுங்கள், வேறு யாருக்கும் வேண்டாம்.

கணவரின் பயத்தை நான் சுலபமாகத் தள்ளமாட்டேன். பொலிஸ் நிலையம் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும் இடத்திலிருந்து வந்தவர். ஆனால் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் அல்லது சாட்சி என்பதற்காக வதிவிட விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை. ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) பார்ப்பது விண்ணப்பதாரர் என்ன செய்தார் என்பதைத்தான், அவருக்கு யார் என்ன செய்தார்கள் என்பதை அல்ல. உங்கள் குடும்பக் கோப்புக்கு ஏதாவது இடைஞ்சல் வரக்கூடிய ஒரே இடம் மகனின் கொமென்ட். கணவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லையென்றால் முறைப்பாட்டை உங்கள் பெயரில் கொடுங்கள், அல்லது தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தின் பெயரில் கொடுக்கச் சொல்லுங்கள். நேரடியாகப் பாதிக்கப்படாத ஒருவரும் முறையிடலாம்.

அந்தச் சனிக்கிழமை

இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். ஊர்வலம் போவதற்குத்தான் முன்னறிவிப்புத் தேவை, ஓரிடத்தில் கூடி நிற்பதற்குத் தேவையில்லை. ஆகவே ‘அறிவிப்பு வரவில்லை, யாரும் வரமாட்டார்கள்’ என்று பொலிஸ் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கூட்டத்தின் இடம், நேரம், ஆள் எண்ணிக்கைக்கு நிபந்தனை போட பொது ஒழுங்குச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அவர்களுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் பகுதிப் பொலிஸ் குழுவுக்குப் பள்ளி நிர்வாகி இப்போதே எழுத வேண்டும். காகிதத்தின் படம், வகுப்பு தொடங்கும், முடியும் நேரம், எத்தனை பிள்ளைகள், எந்தக் கதவால் வருகிறார்கள் என்ற விவரங்களோடு எழுதட்டும். கவுன்சிலருக்கும் ஒரு பிரதி. மண்டபக்காரர் பயந்து முன்பதிவை ரத்துச்செய்ய வந்தால் உடனே சம்மதிக்காதீர்கள், எனக்கு மறுபடி எழுதுங்கள். வகுப்பை நிறுத்துவதா என்பதைப் பெற்றோரைக் கூட்டி நீங்களே முடிவுசெய்யுங்கள். நடத்துவதென்றால் அன்று வாசலில் இரண்டு பெரியவர்கள் நிற்கட்டும். கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம், தூர நின்று கைத்தொலைபேசியில் பதிவுசெய்தால் போதும். யாராவது கை ஓங்கினால் 101 இல்லை, அவசர எண்ணான 999.

இன்று பின்னேரம் எதிர்வீட்டு அம்மாவிடம் போங்கள். ‘உங்களைச் சிக்கலில் மாட்ட வரவில்லை, உங்களுக்கு வந்த காகிதத்தைப் பற்றி மட்டும் பொலிஸிடம் சொல்வீர்களா’ என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்டுத் தெருவைக் கடந்து வந்தவர், இதைச் செய்யவும் விரும்புவார் என்று நினைக்கிறேன். அவர் வீட்டுக் கதவில் டோர்பெல் கமரா இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல கமராக்களில் பதிவு 30 நாளில் தானாக அழிந்துவிடும். நீங்கள் கடிதம் எழுதியபோதே 11 நாள் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பதிவை முதலில் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.